பிறந்த வீட்டுக் கோடி

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் ரெட்டியார்பாளையத்திலிருந்து போன் வந்தது. அஞ்சலை அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா பேசினார். "பிலோமி, காலையிலேருந்து அஞ்சலை கதவ தொறக்கல. ஒடச்சுப் பாத்தோம். போயிட்டா." அரை மணி கழித்து இன்னொரு போன். அக்காவின் அண்ணன். பதினொரு வருஷமாக என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். "கோடிப் பொடவ பொறந்த ஊட்லேருந்துதான் வரணும். நாங்க வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்க" என்றார். அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த அண்ணன் பெயரை இந்த அஞ்சலிக் குறிப்பில் எழுதப்போவதில்லை. அது அச்சில் வர நான் காரணமாக இருக்க மாட்டேன்.

சட்டைக் கம்பெனியில் அக்காவுக்குப் பொத்தான் துளை தைக்கிற காஜா மெஷின், எனக்கு அடுத்த மேசையில் செக்கிங். சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஏசுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெண்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போவார்கள். முதலில் சிரித்தவள் நான்தான். மூன்று தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்ற திமிர் எனக்கு. "அக்கா, எனக்கே சொல்றீங்களா?" என்று எல்லோர் முன்பாகவும் கேட்டேன். "ஒனக்குத் தெரியும் பிலோமி. தெரிஞ்சத இதுவரைக்கும் யாருகிட்டயாவது சொல்லிருக்கியா?" என்று கேட்டுவிட்டு அவர் ரசம் சாதத்தைப் பிசைந்தார்.

அவருடைய கதை உங்களில் பலருக்குத் தெரியும். புருஷன் விட்டுப் போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது நாள் கிடந்தார். பிறந்த வீடு பிள்ளைச்சாவடியில். வெளியூர்க்காரர்கள் ராத்திரி பஸ் பிடித்து வந்து பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு, உள்ளூரில் இருந்த அண்ணன் வரவில்லை. பக்கத்துப் படுக்கைக்குத் துணையாக வந்த ஒரு அம்மாதான் கஞ்சி ஊட்டினார், தலையில் கை வைத்து ஜெபித்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா ஜெப வீட்டுக்குப் போகத் தொடங்கினார். பேரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. "பேர மாத்துனா எங்கண்ணனுக்கு நான் யாருன்னு தெரியாமப் போயிடும்" என்பார்.

அந்த அண்ணனிடம் சொல்லத்தான் ஞாயிறுதோறும் நாலு மணிக்குப் பிள்ளைச்சாவடி போவார். கடலூர்ப் பக்கம் ஊழியத்துக்குக் கூப்பிட்டார்கள்; மாலை போட்டு வரவேற்கிற ஊர்கள். "அங்க சொல்ல ஆளு இருக்கு. இங்க என்ன வுட்டா யாரு இருக்கா?" என்று மறுத்துவிட்டார். பூசை முடிந்து மத்தியானம் எனக்கும் வேலை இல்லாததால் துணைக்குப் போகத் தொடங்கினேன். வாசலில் நின்று, "அண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று அக்கா ஆரம்பிப்பார். "மதம் மாறி ஊர்ல தலை காட்ட முடியாமப் பண்ணிட்டு இன்னும் என்னடி ரெண்டு நிமிஷம்?" என்று அண்ணன் கதவைச் சாத்துவார். சாத்திய கதவிடம் அக்கா மீதியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்வார். பார்க்கிற எனக்கு மானம் போகும். "கதவுகிட்ட எதுக்கு அக்கா பேசுறீங்க?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "சொல்றது என் வேல. கேக்கறது அவன் வேல. ரெண்டையும் நானே செய்ய முடியுமா?" என்றார்.

ஒரு ஞாயிறு அண்ணி மீன் கழுவிய தண்ணீரை எங்கள் மேல் வீசினார். தெருவே சிரித்தது. கடல் அரிப்புக்குக் கொட்டியிருந்த கருங்கல்மேல் உட்கார்ந்து அக்கா முந்தானையைப் பிழிந்தார். "கருவாட்டுக்காரன் மவளுக்கு மீன் நாத்தம் புதுசா?" என்று என்னையும் சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் கடல் அந்த ஊரைத் தின்றுகொண்டிருந்தது. இன்னும் நாலு வீடு உள்ளே வரட்டும் என்று பூசையில் முட்டி போட்டு வேண்டிக்கொண்டவள் நான். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அடக்கத்தன்று அண்ணன் தாம்பாளத்தில் புதுப் புடவையோடு வந்தார். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் கடைசிப் புடவை. தங்கை உயிரோடு இருந்தவரை வாசற்படி ஏற விடாதவருக்கு உரிமை மட்டும் மறக்கவில்லை. நான் நிலைப்படியில் நின்று இரண்டு கையாலும் வழியை மறித்தேன். "பதினொரு வருஷம் ரெண்டு நிமிஷம் கேட்டாங்க. அதக் கேட்டுட்டுப் போடுங்க" என்றேன். ஜெப வீட்டார் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் விடவில்லை.

அக்கா சொல்வதை அப்படியே சொன்னேன். அவர் அன்பாகச் சொன்னதை நான் அறைவதுபோலச் சொன்னேன். "ஆஸ்பத்திரியில முப்பது நாள் கெடந்தேன் அண்ணே. நீ வரல. அண்ணி வரல. யாருன்னே தெரியாத ஒரு அம்மா எனக்குக் கஞ்சி ஊட்டுனாங்க. ஏசப்பா என்ன எழுப்பி உக்கார வச்சாரு." அதோடு நிறுத்தினேன். அதற்குப் பிறகு அக்கா சொல்லும் ஒரு வரி உண்டு. எனக்கு அது தெரியும். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஊர் முன்னால் அண்ணன் அந்த இடத்திலேயே நிற்கட்டும் என்று நினைத்தேன்.

தலையைக் குனிந்துகொண்டு அண்ணனே அந்த வரியைச் சொன்னார். "எழுந்து உக்காந்தப்ப ஒம்மேல இருந்த கோவம் போயிடுச்சு அண்ணே. அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

ஒரு வார்த்தை பிசகவில்லை. ஞாயிறுதோறும் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

நான் வழிவிட்டேன். அவர் புடவையைப் போர்த்தி, தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். அவரை நான் தேற்றவில்லை. கேட்டுக்கொண்டே திறக்காமல் இருந்தாரே என்று இன்னும் அதிகமாகக் கோபம்தான் வந்தது.

அக்காவை அறிந்தவர்களே, அவருடைய மன்னிக்கிற மனசை நான் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அது எனக்கு வரவில்லை. அவருடைய பிடிவாதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு நான் பிள்ளைச்சாவடி போகிறேன். திறந்தாலும் சரி, சாத்தினாலும் சரி, நான் முழுங்கிய அந்த ஒரு வரி என் வாயிலிருந்து நிஜமாக வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் போவேன். அதுவரை அந்த அண்ணனுக்கும் நிம்மதி இல்லை, எனக்கும் இல்லை.