நான் அழித்த வரிகள்

பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும். இது பட்டப்பகலில் நடந்தது. 2004, ஜூன் 17, வியாழக்கிழமை. அமாவாசை. காலை 11.40-க்கு ஆரம்பித்து மாலை 6.17-க்கு முடிந்தது. நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் மைக்கேல்ராஜ். ஆரணியில் தறிக்காரர்கள் தெரு ஒன்றில் நானும் தீனாவும் கூட்டாக ஒரு சின்னக் கடை வைத்திருந்தோம். பட்டுச் சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, அதற்கு அட்டை குத்திக் கொடுப்போம். அட்டையில் இருக்கும் ஓட்டைகளை வைத்துத்தான் தறியில் எந்த இழை மேலே எழும்புவது என்று முடிவாகும். நூற்றுக்கணக்கான அட்டைகளை வரிசையாகக் கோர்த்துத் தறிக்கு மேலே தொங்கவிடுவார்கள். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நடுவில் ஒரு அட்டை தப்பாகிவிட்டால் அதை உருவி எறிந்துவிட்டு, முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் சேர்த்துக் கட்டிவிடுவோம். சேலையில் ஒரு இழை குறையும். யார் கண்ணுக்கும் தெரியாது.

தீனாவுக்கு வானத்துப் பைத்தியம். பிரவுசிங் சென்டரில் இலவசமாக இறக்கிய ஒரு சாஃப்ட்வேரை சிடியில் கொண்டுவந்து கடைக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தான். சூரியன், கிரகம், நிலா எல்லாம் அதில் அச்சாக இருக்கும். எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அன்றைக்கு எது எங்கே இருந்தது என்று காட்டும். அந்த வருஷம் ஜூலை ஒன்றாம் தேதி சனி கிரகத்துக்கு ஒரு விண்கலம் போய்ச் சேர இருந்தது. அந்தக் கலத்தின் பயணத்தை அதில் சேர்க்க வேண்டும் என்று ராப்பகலாக உட்கார்ந்திருந்தான்.

வேலை ஒன்றும் மாயம் இல்லை. ஒரு ஃபைல் எழுத வேண்டும். வரிக்கு நாலு எண்கள். முதல் எண் நேரம், மற்ற மூன்றும் இடம். இந்த நேரத்தில் கலம் இங்கே இருந்தது என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். ஒரு நாளைக்கு ஒரு வரி. ஏழு வருஷப் பயணம்.

“நம்ம அட்டை மாதிரிதான் மைக்கேலு. வரிசையா கோத்துட்டா அது பாட்டுக்கு போய்கினே இருக்கும்” என்பான்.

போதாக்குறைக்கு, பூமி உருண்டையில் ஆரணி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து ஊர்ப் பெயரையும் எழுதி வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்களுக்குள் சண்டை. சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா என்று கேட்டான். எனக்கு வயிறு எரிந்தது. கடையை நான் ஒருத்தனே இழுக்க வேண்டுமா என்று கத்தினேன். “போறதுன்னா ஒரேயடியா போயிடு” என்றேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மணி ஆறரை இருக்கும்.

அதோடு சரி. இரண்டு நாளாக ஆள் இல்லை, போனும் இல்லை. அவன் அம்மா கமலம் பதறியபோது, “மெட்ராஸ்தான் போயிருப்பான், வேலை கெடச்சதும் போன் பண்ணுவான்மா” என்று சொன்னது நான்தான். அதை நம்பி யாரும் தேடவில்லை.

வியாழக்கிழமை வந்தது. அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. நான் கிறிஸ்தவன், எனக்கு அந்தக் கணக்குக் கிடையாது. கடையைத் திறந்தேன். மற்ற நாளில் பேசுவதே காதில் விழாத தெரு அது. அன்று ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும்தான்.

மணி 11.40. தீனாவின் வானத்தைத் திறந்தேன். கோபம் இருந்தாலும் அவன் செய்த வேலையைப் பார்க்க ஆசை. தேதியை இன்றைக்கு வைத்து, கலத்தைத் தேடச் சொன்னேன். சனிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. திரை சர்ரென்று திரும்பியது. பூமி வந்தது. இந்தியா வந்தது. ஆரணி என்ற எழுத்து வந்தது. அதற்குக் கொஞ்சம் தெற்கே, தேவிகாபுரம் பக்கமாக, கலம் நின்றது.

திரையின் மூலையில் உயரம் எழுதியிருந்தது. மைனஸ் 0.014 கிலோமீட்டர். தரைக்குக் கீழே பதினாலு மீட்டர்.

ஃபைலைத் திறந்து கடைசி வரிகளைப் பார்த்தேன். ஐந்து வரிகள் அதிகமாக இருந்தன. ஐந்திலும் இடம் ஒன்றுதான். நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றினேன். முதல் வரி, செவ்வாய்க்கிழமை இரவு 7.10. கடைசி வரி, இன்று காலை 11.32.

தீனா எனக்கு வைத்த வேட்டு இது என்று நினைத்தேன். அவனுக்குப் புரோகிராம் எழுதத் தெரியும். நேரம் பார்த்து வரி சேரும்படி ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து வரியையும் அழித்தேன். தப்பு அட்டையை உருவுகிற மாதிரி.

ஒரு மணிக்குக் கமலம் அம்மா வந்தார். படையல் போட்ட வடையும் பாயசமும் தூக்குவாளியில். கண் உள்ளே போயிருந்தது.

“போன் வந்துதா மைக்கேலு?”

“வரும்மா. நீங்க சாப்ட்டீங்களா?”

“எங்கப்பா… முந்தாநாள்லேர்ந்து நாக்கு வறண்டுகினே கீது. குடம் குடமா குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது.”

வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

2.05. மறுபடி திறந்தேன். பூமி. ஆரணி. மைனஸ் 0.014. புது வரிகள் மூன்று. 12.20, 1.05, 1.50.

புரோகிராமைத் தேடினேன். கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினேன். அப்படி எதுவும் இல்லை. கடையில் இண்டர்நெட் இணைப்பும் இல்லை. வரிகளை அழித்தேன். ஃபைலை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினேன்.

2.40-க்குத்தான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்… டக்…

யாரோ அமாவாசை அன்று தறி நெய்கிறார்கள் என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தேன். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. எல்லா வீட்டிலும் தறி நின்றிருந்தது. வெளியே சத்தமே இல்லை.

உள்ளே வந்தேன்.

டக்… டக்… டக்…

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். நிற்கவில்லை.

4.10-க்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. திரை அணைந்தது. அப்போதுதான் சரியாகக் கேட்டது. கல்லில் கல் மோதுகிற சத்தம். அது கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

குனிந்து தரையில் காதை வைத்தேன்.

தரைக்குக் கீழே… ரொம்பக் கீழே…

கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடியிருக்கலாம். அந்தப் புள்ளி இருக்கும் இடத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். இருபது கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டையும் நான் செய்யவில்லை. பயம் என்னை நாற்காலியோடு கட்டிப்போட்டிருந்தது.

5.35. கரண்ட் வந்தது. ஃபைலைத் திறந்தேன். பூட்டிய ஃபைலில் வரிகள்… ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. அப்புறம் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. கடைசியில் நிமிஷத்துக்கு ஒன்று.

அதே இடம். அதே மைனஸ்.

அழித்தேன்.

டக்… டக்…

மறுபடி வந்தது. மறுபடி அழித்தேன். “போதும்டா, வுட்ருடா” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

6.09. அழித்தேன்.

6.12. அழித்தேன்.

டக்…

டக்…

6.17.

சத்தம் நின்றது.

ஃபைலைப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. 6.17. அதையும் அழித்தேன். பத்து நிமிஷம் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. கலத்தைத் தேடச் சொன்னேன். சனிக்குப் பக்கத்தில், சமர்த்தாக, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கமலம் அம்மா கொடுத்த பாயசத்தைக் குடித்தேன்.

சனிக்கிழமை காலை ஆடு மேய்க்கிற வேடியப்பன் என்பவர்தான் முதலில் பார்த்தார். தேவிகாபுரம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே, குறுக்குப் பாதையில், சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு. முட்புதரில் பைக் கிடந்தது. பைக் பையில் ஒரு அட்டைக் கட்டு. தேவிகாபுரத்துத் தறிக்காரர் ஒருவருக்கு அந்த வாரம் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய கட்டு அது. சண்டை போட்ட பிறகும் என் வேலையைத்தான் செய்யப் போயிருக்கிறான். கடையில் அந்தக் கட்டு இல்லாததைக்கூட நான் கவனிக்கவில்லை.

தீயணைப்புக்காரர்கள் கயிறு விட்டு இறங்கினார்கள். நாற்பத்தாறு அடி. மனசுக்குள் மீட்டராக்கிப் பார்த்தேன். பதினாலு.

கிணற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் கையில் ஒரு கல் இருந்தது. பக்கத்தில், கிணற்றின் உள்சுவர்க் கல்லில் ஒரு இடம் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடித்த பெரிய டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். “கால் முறிஞ்சிருக்கு. ஆனா விழுந்ததுல சாகல. வியாழக்கிழமை சாயங்காலம்தான் உயிர் போயிருக்கணும்.”

செத்தவன் வந்தால் பேய் என்கிறோம். அன்று பகல் முழுக்க என் கடைக்கு வந்தவன் சாகவில்லை. தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அதை வரிக்கு வரி அழித்துக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை நான் அதற்குப் பிறகு தொடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு கமலம் அம்மா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

“குடிப்பா” என்றார். “எனக்குத்தான் இப்பல்லாம் தண்ணியே வேண்டியதில்ல. அந்தத் தாகம் சொன்னேனே… அமாவாச அன்னிக்கு சாயங்காலம், வெளக்கு வெக்கலாம்னு எழுந்தேன். அப்டியே டக்னு நின்னுபோச்சு.”

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை.