கை நனைக்காத சின்னண்ணன்

நான்காவது இட்லியைப் பிட்டுக்கொண்டே சின்னண்ணன் ஓட்டல்காரர் கொடுத்த சீட்டைத் திருப்பி நீட்டுகிறார். "ஒரு வடை கொறச்சுப் போட்டிருக்கறீங்க. நான் ரெண்டு தின்னேனுங்க." போனால் போகட்டும் என்கிறார் ஓட்டல்காரர். சின்னண்ணனிடம் அது செல்லாது. சீட்டைத் திருத்தும் வரை கை கழுவ எழுந்திருக்க மாட்டார். அவரோடு பலகாரம் சாப்பிடப் போனால் எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடுகிறது. ஆனாலும் போகிறேன். வேடிக்கை பார்க்க யாருக்குக் கசக்கும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஆடிட்டரிடம் நான் டைப் அடிக்கிறேன். சின்னண்ணன் அங்கே ஆர்ட்டிகிள் கிளார்க். அதாவது, சம்பளம் வாங்காமல் மூன்று வருஷம் வேலை பார்த்துத் தொழில் கற்கிற மாணவர். வயது இருபத்திரண்டு. எருமப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். வேட்டிக்கு மேல் கோட்டு, காதில் பச்சைப் பென்சில். கணக்குப் புத்தகத்தோடு தனியாக இருக்கும்போதும் மரியாதை குறையாது. "ஏனுங்க, இந்த முப்பது ரூவா எங்க போச்சுங்க?" என்று பக்கத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். முதல் வாரம் என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நானும் பதில் சொல்லித் தொலைத்தேன்.

எதையும் வலமிருந்து ஒரு தடவை, இடமிருந்து ஒரு தடவை எண்ணுவார். இரண்டும் ஒத்தால்தான் பச்சை டிக். ஆபீசோடு மேட்டூர் அணை பார்க்கப் போனோம். நாங்கள் தண்ணீரைப் பார்த்தோம். அவர் மதகுகளை எண்ணிவிட்டு வந்து, "சரியா இருக்குதுங்க" என்றார். சரியில்லாவிட்டால் என்ன செய்திருப்பார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆடிட்டருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வேலை முடியும்வரை, கணக்குப் பார்க்கப் போன கட்சிக்காரர் இடத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. மற்றவர்கள் ஒரு வாய் காப்பிக்கு அதைத் தளர்த்திக்கொள்வோம். சின்னண்ணன் தளர்த்த மாட்டார். நம் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் வந்தவர் மோரை மறுத்தால் சண்டைக்காரர் என்று அர்த்தம். இவர் கும்பிட்டபடியே மறுப்பார். "கோவிச்சுக்காதீங்க, வேலை முடிஞ்சு வாரேனுங்க." வேலை முடிந்தபின் திரும்பிப் போய், கேட்டு வாங்கிக் குடித்துவிட்டும் வருவார்.

போன மாதம் நாமக்கல்லில் காளியப்பன் என்பவரின் கடலைக்காய் மண்டிக்கு இருப்பு எண்ணப் போனோம். மூட்டைகளின் பேரில் பாங்கி அவருக்குக் கடன் கொடுத்திருந்தது. எண்ணிக்கை குறைந்தால் கடனைத் திரும்பக் கேட்டுவிடுவார்கள். பஸ்ஸில் போகும்போது சின்னண்ணன் வாயே திறக்கவில்லை. துருவித் துருவிக் கேட்டபின் சொன்னார். அந்தக் காளியப்பனுக்குச் சௌந்திரம் என்று ஒரே மகள். போன வருஷம் சின்னண்ணனின் அம்மா ஆள்விட்டுப் பெண் கேட்டிருக்கிறார். கூட்டம், அதாவது குலப் பிரிவு, வேறு வேறு; சம்பந்தம் பண்ணத் தடையில்லை. ஆனால் சம்பளமில்லாத உத்தியோகத்துக்குப் பெண் கொடுப்பதா என்று காளியப்பன் சிரித்துவிட்டார். அம்மாவுக்கு அந்தக் குறை இன்னும் ஆறவில்லை.

"ஆடிட்டருக்குத் தெரியுமா?"

"சொல்லிப்போட்டனுங்க. 'பெண்ணைத்தானே தரமாட்டேன் என்றார், கணக்கைத் தருகிறார், போய் வா' அப்படின்னுட்டாருங்க."

"நீங்கள் பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா?"

"நாலு தடவைங்க," என்றார். காது சிவந்துபோயிற்று. அதையும் எண்ணி வைத்திருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மண்டியில் காளியப்பன், "வாங்க தம்பி" என்று தாராளமாகவே வரவேற்றார். புத்தகத்தில் அறுநூற்று நாற்பது மூட்டை. நீளம், அகலம், உயரம் பார்த்துப் பெருக்கினோம், சரியாக வந்தது. எழுதிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். பட்டணத்து மாணவன் என்றால் கிளம்பியிருப்பான். சின்னண்ணன் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மூட்டைகளை அடுக்கிய அட்டியின்மேல் ஏறி வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார். வைக்கோல் போரில் ஏறிப் பழகிய கால். நடுவில் போய் நின்றார். ஒரு மிதி மிதித்தார். மறுபடி மிதித்தார்.

"இங்க காலு உள்ள வாங்குதுங்க," என்றார்.

மேல் வரிசையைப் புரட்டினால் கீழே பலகை. பலகைக்குக் கீழே வெறும் பள்ளம். வலமிருந்தும் இடமிருந்தும் எண்ணியதில் ஐந்நூற்று அறுபத்திரண்டு. எழுபத்தெட்டு மூட்டையைக் காணோம்.

காளியப்பன் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். பிறகு வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது ஆளே மாறியிருந்தார்.

"மாப்ள, மொதல்ல ஊட்டுக்குள்ள வாங்க. எல போட்டாச்சு."

'தம்பி' எப்போது 'மாப்ள' ஆயிற்று என்று நான் விழித்தேன். சின்னண்ணனுக்குப் புரிந்துவிட்டது. பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று இந்தப் பக்கத்தில் பொருள். முடிவாகாதவரை எவ்வளவு கெஞ்சினாலும் யாரும் அங்கே சாப்பிட மாட்டார்கள்.

உள்ளே இரண்டு தலைவாழை இலை. நெய்யும் ஒப்பிட்டுப் போளியும் மணத்தன. காலையில் சாப்பிட்டது எனக்கு எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. அடுப்படி வாசலில் வளையல் சத்தம் கேட்டது. சௌந்திரம் அங்கேதான் நின்றிருந்தாள். காளியப்பன் சின்னண்ணனின் தோளில் கை வைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மூட்டையெல்லாம் எங்கயும் போவல சாமி. வித்துப் புள்ளைக்கு நகை பண்ணிப்போட்டேன். உங்க ஊட்டுக்குத்தான் வரப்போவுது. கார்த்திகைல காய் வந்தா ரொப்பிப்போடறேன். நீங்க பழைய கணக்கையே எழுதிப்போட்டு உக்காருங்க. உங்க அம்மாளுக்கு இன்னிக்கே ஆள் அனுப்பறேன்."

காளியப்பன் திருடர் அல்ல, மகளைப் பெற்றவர். அந்த வீட்டுப் பெண்ணோ, இந்தப் பிள்ளை நாலு தடவை எண்ணிப் பார்த்த பெண். வேண்டாம் என்று மறுத்தால் அந்தச் சம்பந்தம் அன்றோடு போயிற்று. சின்னண்ணன் தன் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பார்? உட்கார்ந்து சாப்பிட்டாலோ, மூன்று வருஷப் படிப்பும் பொய்யாகிவிடும். என்னைக் கேட்டிருந்தால் கார்த்திகை வரைதானே என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, என்னைக் கேட்கவில்லை.

சின்னண்ணன் இலையையும் அடுப்படி வாசலையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு மண்டிக்குத் திரும்பிப் போய், இருப்புத் தாளை எடுத்து, ஐந்நூற்று அறுபத்திரண்டு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதினார். தாளைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் காளியப்பனிடம் கொடுத்தார்.

காளியப்பன் தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். அடுப்படியில் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் என் குடையை எடுத்துக்கொண்டேன், இனி இங்கே என்ன இருக்கிறது என்று.

சின்னண்ணன் வாசலுக்குப் போனார். கிளம்பத்தான் போகிறார் என்று நானும் பின்னால் நடந்தேன். அவர் தொட்டித் தண்ணீரில் கை கால் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ற வேலை முடிஞ்சுதுங்க, மாமா," என்றார். "இப்பப் பரிமாறச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, நுனி இடப்புறம் இருக்கும்படி நேராக்கி, நிதானமாகத் துடைக்கத் தொடங்கினார்.