பெருமாளுக்குப் பிஸ்கோத்து ஜாடி

கல்கத்தாவில் நாங்கள் குடித்தனம் வைத்த புதிது. கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த என் கணவர், ஒரு சாயங்காலம் உயிருள்ள மீனோடு வீட்டுக்குள் நுழைந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவே மீன் மணக்கும் ஊரில் எங்கள் வீடு ஒன்றாவது தப்பியதே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னன்னா இது அக்கிரமம்?”

“சயாம் தேசத்துச் சண்டை மீன்டி. கப்பல்காரன் குடுத்தான். சும்மா பார்க்கறதுக்குத்தான்.”

எதிர் வீட்டு வங்காளிப் பெண், நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுபவள், எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனூண்டு மீனை எந்தக் குழம்பில் போடுவது என்று வங்காளியில் கேட்டுச் சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று.

அவரோ என் கோபத்தைக் காதில் வாங்காமல் வேலையில் இறங்கினார். வாயகன்ற கண்ணாடி பிஸ்கோத்து ஜாடி. அடியில் அலசிய ஆற்று மணல். டாக்குரியா பக்கத்துக் குளத்திலிருந்து கொண்டுவந்த பாசிக்கொடி. இந்த மீன் மேலே வந்து காற்றைக் குடிக்குமாம், அதனால் தண்ணீரை விளிம்புவரை ஊற்றக் கூடாது. துள்ளிக் குதிக்குமாம், அதனால் வாயில் மல் துணி. துணைக்கு இன்னொன்றை விட்டால் கிழித்துப் போட்டுவிடுமாம். “முக்கியமா, செம்புப் பாத்திரத்துல விடப்படாது. விஷம்னு கப்பல்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்” என்றார்.

அவர் ஆபீசுக்குப் போனபின் வீட்டில் தமிழ் கேட்க ஆளில்லை. கருநீலச் செதிலும் சிவப்புத் துடுப்புமாக அது என்னையே பார்க்கும். நான் திட்டினேன், கேட்டுக்கொண்டது. பிறகு திட்டுவதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொசுப்புழு அள்ளி அதற்குப் போடும் அளவுக்குக் கெட்டுப்போனேன். அது இல்லாவிட்டால் அந்த வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அப்போதுதான் கும்பகோணத்திலிருந்து என் மாமியார் வந்தார். மடி, ஆசாரம் என்றால் அப்படி ஒரு மடி. ஜாடியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால், ஜாடியில் மீன் இல்லை.

“மீன் எங்கேம்மா?”

“பெருமாள்கிட்ட.”

செத்தே போயிற்று என்று நினைத்தேன். அவர் பூஜை அலமாரியைக் காட்டினார். அங்கே செம்பு நிறையக் கங்கை ஜலம், மேலே ஒரு துளசி, உள்ளே என் மீன்.

“மச்சாவதாரம் எடுத்தவரைப் போய் மிலேச்சன் ஜாடியில வெச்சிருக்கியே. பாவமா இருந்துது.”

செம்பு! துடுப்பெல்லாம் ஒடுங்கி, மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நான் குளித்திருந்தேன், ஆனால் மடியில்லை. யோசிக்கவில்லை. பூஜைச் செம்புக்குள் கையை விட்டேன்.

“ஏண்டி, விழுப்புக் கையோட…”

“செம்பு அதுக்கு விஷம்மா! செத்துப்போயிடும்!”

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மீனைப் பழைய ஜாடியில் விட்டேன். அவர் அதன் எதிரில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. உதடு மட்டும் சகஸ்ரநாமத்தில் அசைந்துகொண்டே இருந்தது. மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது மேலே வருவது நின்றுபோயிற்று.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நறுக்கென்று ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினால், ஜாடி எதிரில் அவர் இல்லை. தேடிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். மார்கழிக் குளிர். கிணற்றடியில் அவர் கட்டிய புடவையோடு, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். பல் கிடுகிடுத்தது.

“என்னம்மா இது, இந்தக் குளிர்ல?”

“ஆத்துல ஒருத்தர் போயிட்டா ஸ்நானம் பண்ண வேண்டாமா?” என்றார். வாளியை என் பக்கம் நகர்த்தினார். “நீயும் பண்ணிடு. உனக்குத்தான் ரொம்ப வேண்டியவா.”

வாளியை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன்.