வாள்வீரனும் மோட்டார் முறையும்

மத்தியானச் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரத்தம் தெறிக்கிற ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிறவள் ஏரியூர்ப் பக்கம் என் மனைவி சசிகலா ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். கார்ட்டூன் இல்லையாம், அனிமே என்று சொல்லணுமாம். இந்தப் பைத்தியத்தை அவளுக்கு ஒட்டவைத்தவள் என் தம்பி மனைவி கலைமதி. இரண்டு வீட்டு டிவிக்கும் அவள் சந்தா கட்டுகிற ஒரே ஐடிதான்.

கதாநாயகன் ஒரு வாள்வீரன். கூட்டாளியைக் காட்டிக்கொடுத்துச் சாகவிட்டவன். அதை மறைத்துக்கொண்டு, செத்தவன் குடும்பத்துக்கே காவலாக அலைகிறான். இந்த அயோக்கியனிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். உத்தமனைப் பார்த்தால் சசிகலாவுக்குக் கொட்டாவி வருகிறதாம். இவன் தப்புப் பண்ணிவிட்டு முழிக்கிற முழி நம் வீட்டு முழி மாதிரியே இருக்கிறதாம். சாமந்தி பறிக்கும்போது யார் தலை உருண்டது என்று அவளும் கலைமதியும் பேசியதைக் கேட்டு, பக்கத்துக் காட்டு ராஜாமணி மிரண்டே போய்விட்டார்.

பங்குக் கிணற்றில் வந்தது வினை. எங்களுக்கு ஒரு நாள், தம்பிக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை. சித்திரை வெயிலில் பூ வாடுகிறதே என்று, தம்பியின் முறையன்று சசிகலா மோட்டாரைப் போட்டுவிட்டாள். இருந்த தண்ணீரெல்லாம் எங்கள் பூவுக்குப் போக, கலைமதியின் தக்காளி நாற்று காய்ந்தது. கேட்டதற்கு, கரண்டே வரவில்லை என்று சசிகலா சாதித்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

ஐடியை மட்டும் கலைமதி நிறுத்தவில்லை. அவள் எந்த எபிசோடு வரை பார்த்திருக்கிறாள் என்று எங்கள் டிவியில் தெரியும். சசிகலா தினமும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். கலைமதி ஒரு நாள் பார்க்கவில்லை என்றால், காய்ச்சலோ என்னவோ என்று இவளுக்குச் சோறு இறங்காது. நேரில் போய்க் கேட்க மட்டும் வாய் வராது.

கடைசி எபிசோடு நெருங்கியது. செத்தவன் பெண்டாட்டியிடம் உண்மையைச் சொல்லித் தொலையேன்டா என்று சசிகலா டிவியைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருக்காமல், அவனையும் கரண்டு வரவில்லை என்று சொல்லிவிடச் சொல்லேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“கலை, அன்னைக்கு மோட்டார் போட்டது நான்தான். கரண்டு வரலைன்னது பொய். என்ன வேணா திட்டிக்க, பேசாம மட்டும் இருக்காத,” என்று அழுதாள்.

கலைமதிக்கும் கண் கலங்கியது. “தெரியுங்க்கா. மோட்டார் சத்தம் எங்க வூட்டுக்குக் கேக்காதா? நாலு மாசமா ஒத்தையில பாக்கறேன். நல்லாவே இல்லைங்க்கா.”

அத்தோடு நான் தப்பித்திருக்கலாம். சசிகலா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. சசிகலா மோட்டாரைப் போட்டாள் என்று மேலே எழுதினேன் அல்லவா, அது பொய்.

“போட்டது நான்தாம்மா,” என்றேன். “அவ எனக்காகத்தான் பொய் சொன்னா.”

“அதுவும் தெரியுங்க மாமா,” என்றாள் கலைமதி. “மோட்டார் ரூம்ல பாம்பு இருக்குதுன்னு அக்கா அந்தப் பக்கமே போகமாட்டாங்களே. உக்காருங்க, கடைசி எபிசோடு போடறேன்.”