கண்ணுக்குள் அடித்த வெளிச்சம்

மன்னாரில் பிறந்த மேரிகிறேஸ் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். கணவர் றொபேட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், வாய் ஓயாமல் கதைக்கிற மனிதர். ஒரு கோடையில் அவருடைய விரல்கள் சோரத் தொடங்கின. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வருத்தம், மருந்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கை போனது, கால் போனது, பிறகு நாக்கு. கடைசியில் கண்ணிமைகள் மட்டுமே அவர் சொற்கேட்டன. இமையை மூடினால் ஓம், திறந்தபடி பார்த்தால் இல்லை. கண்ணசைவால் எழுதுகிற கணினிக்குக் கேட்டிருந்தார்கள். அது இன்னும் வந்து சேரவில்லை.

கொம்யூன் என்கிற நகரசபை தந்த கட்டிலை ஹாலில் போட்டார்கள். ஆளைத் தூக்குவதற்கான தண்டவாளத்தைச் சீலிங்கில் பூட்டியபோது, நடுவில் தொங்கிய விளக்கைக் கழற்ற வேண்டி வந்தது. அதற்குப் பதிலாகச் சீலிங்குக்குள் பதிக்கிற லைற் வாங்க, மின்வேலை செய்கிற டானியலோடு மேரிகிறேஸ் கடைக்குப் போனாள்.

"அன்ரி, நேரை கீழை அடிக்கிறதும் இருக்கு, விரும்பின பக்கம் சரிக்கிறதும் இருக்கு. எது வேணும்?" என்று டானியல் கேட்டான்.

"சரிச்சு என்ன செய்யப்போறன்? நல்ல வெள்ளை வெளிச்சமா எடும். மனுசன் இருட்டுக்கை கிடக்கக்கூடாது."

பூட்டி முடித்ததும் ஹால் பகல் போல் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் செபமாலை சொல்ல வந்த கோயில் ஆட்கள், வீடு எவ்வளவு வெளிச்சம் என்று மெச்சினார்கள். அவர்களை வரச் சொல்லலாமா என்று மேரிகிறேஸ் முதலில் கேட்டபோது றொபேட் இமைகளை மூடினார். செபம் முழுவதும் மூடியபடியே கிடந்தார். கன்னத்தில் கண்ணீர் வடிந்தது. "எவ்வளவு பக்தி!" என்று வந்தவர்களும் அழுதார்கள்.

டென்மார்க்கின் மாரியில் பகலும் இருட்டுத்தான். விளக்கைப் போடாவிட்டால் அவருடைய இமை தெரியாது என்பதால், எதைக் கேட்டாலும் போட்டுவிட்டே கேட்டார்கள். மருத்துவர் வந்து, மூச்சு நிற்கிற நிலை வந்தால் தொண்டையில் துளையிட்டு மெசின் பூட்டலாமா என்று கேட்டதும் அப்படித்தான். இமைகள் மூடின. ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள். உயிர் வாழ ஆசைப்படுகிறார் என்று மேரிகிறேஸ் அன்றைக்குக் கொஞ்சம் சோறு சாப்பிட்டாள்.

மகள் ஜெசிக்கா ஓகூஸ் நகரில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் தகப்பனுக்குப் பக்கத்தில், அவருடைய தலையணையிலேயே தலையை வைத்துப் படுத்தாள். உடனே கையால் முகத்தை மூடிக்கொண்டு எழும்பினாள்.

"அம்மா, இஞ்சை படுத்துப் பார்," என்றாள். வீட்டில் டெனிஷ் மட்டுமே பேசுகிறவள் அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

மேரிகிறேஸ் படுத்தாள். நேர் மேலே இருந்த இரண்டு லைற்றும் ஊசி போலக் கண்ணுக்குள் இறங்கின. தலையைத் திருப்பினாள். றொபேட்டுக்குத் தலை திரும்பாது.

அவள் எழும்பி விளக்கை அணைத்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தாள்.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது அவள் எதையும் நின்றபடி பார்க்கவில்லை. விற்பனைக்காரப் பெண் திகைத்துப் பார்க்க, கடையின் தரையிலேயே மல்லாந்து படுத்து ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள். பல்ப் வெளியே தெரியாமல் ஆழத்தில் இருக்கிற, சுவர்ப் பக்கம் சரிக்கக்கூடிய, குறைத்துக் கூட்டக்கூடிய மஞ்சள் வெளிச்சத்தைத் தெரிந்தெடுத்தாள். டானியல் அதைப் பூட்டி, எல்லாவற்றையும் சுவரை நோக்கிச் சரித்துவிட்டுப் போனான்.

றொபேட்டின் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"இஞ்சருங்கோ, இப்ப கண் கூசுதோ?"

திறந்தபடி பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் வரட்டோ?"

திறந்தபடியே இருந்தன. அந்த மாரி முழுவதும் அவர் அந்தக் கூட்டத்தை வேண்டாமென்றே கிடந்திருக்கிறார். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. இரண்டு நாள் அதைக் கேட்காமல் குளிப்பாட்டினாள், சவரம் செய்தாள், குழாயால் கஞ்சி ஏற்றினாள். மூன்றாம் நாள் ஜெசிக்காவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"அந்த மூச்சு மெசின்... பூட்டட்டோ?"

கண்கள் அவளையே பார்த்தன. மூடவில்லை.

"வேண்டாமோ?"

மெதுவாக மூடின.

"எங்களோடை இருக்க விருப்பமில்லையோ?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்விக்குப் பதில் வருமுன் அவள் தன் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மருத்துவர் மறுபடியும் வந்து, மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார். பதில் மாறவில்லை. மெசின் வேண்டாம் என்று முடிவானது. மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய ஒரு காலையில், மூச்சுத் திணறாமல் இருக்க மருந்து கொடுத்திருந்த நிலையில், றொபேட் அடங்கிப்போனார்.

அடக்கத்துக்குப் பிறகு கொம்யூன் ஆட்கள் கட்டிலையும் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மேரிகிறேஸ் வேலைக்குத் திரும்பினாள். சில கிழமைகளில் நின்றுவிட்டாள். ஜெசிக்கா ஓகூஸுக்கு வரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். மேரிகிறேஸ் போகவில்லை.

"உந்த லைற்றை மாத்தாமல் விட்டிருந்தால் மெசினைப் பூட்டியிருப்பினம். இண்டைக்கும் இருந்திருப்பார்," என்றாள் ஒருநாள் மகளிடம்.

"அப்பா வேண்டாமெண்டவர், அம்மா."

"ஓம். எனக்குத் தெரியும்," என்றாள் மேரிகிறேஸ். "ஆனால் இருந்திருப்பார்."