டக் என்று ஒரு சத்தம்

கார் ஏசியை வீட்டில் வைத்துப் பழுது பார்க்கிறவனுக்கு முதலில் வேர்க்கும். குளிர்ச்சியெல்லாம் அப்புறம்தான், அதுவும் வந்தால்.

பழைய காரும் பழுதான ஏசியும் வைத்திருக்கும் சக வேர்வைக்காரர்களே, எங்களுக்கு வேறு வழியில்லை. அம்மாவுக்குத் தொண்டைப் புற்றுக்காகக் கழுத்தில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து முடிந்திருந்தது. வெந்த இடத்தில் வேர்வை படக்கூடாது. ஆனால் திங்கட்கிழமைதோறும் மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும், அதுவும் சித்திரை வெயிலில். பாளையங்கோட்டை ஒர்க் ஷாப்பில் வண்டியைப் பத்து நாள் விடச் சொன்னார்கள். திங்களுக்கு நான்கு நாள்தான் இருந்தது. அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு பானெட்டைத் திறந்தார்.

முதல் நாள்: என் கைங்கரியம்

ஏசி சுவிட்சைப் போட்டால் கம்ப்ரசர் 'டக்' என்று பிடிக்கும். மூன்று எண்ணுவதற்குள் 'டிக்' என்று விட்டுவிடும். இதுதான் நோய். ரெஜிஸ்தர் ஆபீஸில் பத்திரம் பார்த்தே பழகிய அப்பா ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து, "பிடிச்சுதாலே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் பிளஸ் டூ முடித்துச் சும்மா இருந்தவன். ஹெட்மாஸ்டர் இருமல், பால்காரர் மணி, பஸ் ஹாரன் எல்லாம் என் தொண்டையில் உண்டு. அடுத்த தடவை 'டிக்' விழுந்ததும் பானெட்டுக்குள் தலையை விட்டு, கம்ப்ரசர் மாதிரியே "ங்ஙீஈஈ" என்று இழுத்தேன். கம்ப்ரசர் விடாமல் பிடித்துக்கொண்டது என்று நம்பிய அப்பா வீட்டுக்குள் ஓடினார். கழுத்தில் ஈரத்துணியோடு அம்மாவைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். அனல் காற்று நேரே அவள் கழுத்தில் அடித்தது. அம்மாவுக்கு அப்போது குரலும் போயிருந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும். கொண்டுபோனேன்.

"நீதானா அது? நல்லாத்தாம்லே செஞ்சே."

எஸ்டிடி பூத்தில் ஒரு கார்

அதன்பிறகு வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். மறுநாள் அப்பா எஸ்டிடி பூத்திலிருந்து மதுரை ஏசி மெக்கானிக் ஒருவருக்கு போன் போட்டார். "சத்தம் எப்படி சார் வருது?" என்று அவர் கேட்க, அப்பா, "அது வந்து... ஒரு மாதிரி..." என்று எழுத்து அழிந்த பத்திரத்தை வாசிப்பதுபோல் திணறினார். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். மீட்டர் ஓடுகிறது. ரிசீவரை வாங்கி, இஞ்சின் உறுமலோடு சேர்த்து, 'டக்'கும் 'டிக்'கும் இடைவெளி பிசகாமல் செய்து காட்டினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். செய்தேன். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கேஸ் குறைந்திருக்கிறது, குழாய் இணைப்புகளில் எங்கே எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பியிருக்கிறதோ அங்கேதான் கசிவு என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் கடைசியாகச் சொன்னார்:

"சரி சார், இஞ்சினை அமத்துங்க. பெட்ரோல் வீணாப் போகுது."

சோப்பு நுரை

ராதாபுரம் கல்யாணத்துக்குப் போய்வந்ததில் ஒட்டிய செம்மண், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு குழாய் மூட்டில் மட்டும் எண்ணெயோடு கறுப்பாக அப்பியிருந்தது. அடுத்த தெரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் சுடலைமுத்து அண்ணாச்சியைக் கூட்டிவந்தோம். அப்போது ஃபிரிட்ஜுக்கும் காருக்கும் ஒரே கேஸ்தான். வெடித்த ரப்பர் வளையத்தை மாற்றினார். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஒன்றை மாட்டி, குழாயிலிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சினார். கேஸ் ஏற்றிவிட்டு, "சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. குமிழி வந்தா கசிவு" என்று கை கழுவப் போனார்.

அப்பா தன் ஷேவிங் பிரஷ்ஷை எடுத்து, கிண்ணத்தில் நன்றாக நுரை அடித்து, எல்லா மூட்டிலும் பூசினார். எங்கே பார்த்தாலும் குமிழி. "எல்லாமே போச்சுலே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் திங்கள். அண்ணாச்சி திரும்பிவந்து குனிந்து பார்த்தார்.

"என்ன சார், வண்டிக்குச் சவரமா பண்ணுதிய?"

நுரையைத் துடைத்து, வெறும் சோப்புத் தண்ணீர் தடவினோம். ஒரு குமிழிகூட இல்லை.

கயத்தாறு தாண்டி

திங்கள் காலை ஏசி ஜில்லென்று வந்தது. அப்பா ஆசையில் அதை முழுக்கத் திருகிவைத்து ஓட்டினார். பின்சீட்டில் அம்மா சேலையை இழுத்துப் போர்த்தினாள். என்னவோ சொன்னாள், காற்று இரைச்சலில் அப்பாவுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த என் தொடையைத் தட்டினாள்.

"என் குரல்ல சொல்லுலே."

முன்பெல்லாம் அடுப்படிக்குப் பின்னால் நின்று, "ஏங்க, சாப்பிட வாரியளா, ஆறிப்போவுது!" என்று அம்மா மாதிரி கூப்பிடுவேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து ஏமாறுவார். கரண்ட் வைக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் குரலை மட்டும் நான் எடுக்கவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன்.

"ஏங்க, காத்தைக் கொஞ்சம் கொறைங்க, குளிருது!"

அப்பா திரும்பாமல், "சரிம்மா" என்று ஏசி சுவிட்சைத் தொட்டார். கை அப்படியே நின்றது. வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அம்மா முன்னால் சாய்ந்து அவர் காதருகே போனாள்.

"என்னத்துக்கு நிறுத்துதிய? குளிருதுன்னுதான சொன்னேன்."

ஆக, வேர்வைக்காரர்களே, எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் ஏதாவது ஓரிடத்தில் கசியத்தான் செய்கிறது; எங்கள் வண்டியில் அன்றைக்கு அது டிரைவர் சீட்டில்.