தெய்வானைக்குப் பட்டினி ஆகாது

காவடி நாளன்று பால்குடம் கோயில் சேரும்வரை எங்கள் தீவின் பாம்ப்ளமூஸ் ஊர்ப் பக்கத்தில் யாரும் சாப்பிடுவதில்லை. கரும்புத் தோட்டத்துக் காமாட்சி மட்டும் கோயில் வாசலிலேயே டப்பாவைத் திறப்பாள். மகள் தெய்வானைக்கு ஒரு வாய் கஞ்சி, தனக்கு ஒரு வாய்; தனியே ஊட்டினால் பிள்ளை தின்னாது. பூசாரி திட்டினார். மாமியார் ஒரு வருஷம் பேசவில்லை. அது வசதியாக இருந்ததாம்.

அவளுடைய முதல் இரண்டு குழந்தைகளும் விடியற்காலையில் வலிப்பு வந்து போய்விட்டன. தெய்வானைக்கும் அதே பெரிய வயிறு, அதே பொம்மை முகம். ராத்திரியில் எழுப்பி ஊட்டினால் காலையில் நன்றாக இருக்கிறாள் என்று காமாட்சி கண்டுகொண்டாள். அது பரம்பரையாக வரும் அபூர்வக் குறை. கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும். பசிக்கிற நேரத்தில் திருப்பித் தராது.

எங்கள் தீவின் சுதந்திரத்துக்குப் பத்து வருஷம் முன்பு, தெய்வானைக்குக் குடலிறக்க ஆபரேஷன் தேவைப்பட்டது. ஏற்கெனவே ஒரு முறை குடல் சிக்கியிருந்தது. இன்னொரு முறை சிக்கினால் பிழைக்கமாட்டாள். அவளைச் சேர்த்திருந்த வார்டில் நான் நர்ஸ். வழக்கமானதைச் சொன்னேன்: ராத்திரியிலிருந்து ஒன்றும் கொடுக்காதே, மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

"முருகனுக்கே இவளைப் பட்டினி போட்டதில்லை, மிஸ். டாக்டருக்கா போடப்போகிறேன்?" என்றாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் க்ளெமானிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், இறந்துபோன இருவரைப் பற்றி விசாரித்தார். ராத்திரி முழுக்க நரம்பில் குளுக்கோஸ் ஏற வேண்டும், காலையில் முதல் ஆபரேஷன் இவளுக்கு, கண் விழித்துச் சாப்பிடும்வரை பாட்டிலை எடுக்கக்கூடாது என்றார். காமாட்சி தலையாட்டினாள்.

காலையில் தெய்வானையின் வாயோரம் கஞ்சி ஒட்டியிருந்தது. கேட்டதும், ஊட்டினேன் என்றாள் காமாட்சி. மறைக்கவில்லை. ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

திட்டிப் பயனில்லை, பூசாரியே தோற்றிருக்கிறார். பாட்டிலில் வெறும் தண்ணீர்தானே என்று காமாட்சி சொன்னாள். தீர்ந்துபோன பாட்டிலின் அடியில் மிச்சமிருந்ததை அவள் உள்ளங்கையில் ஊற்றினேன். நக்கிப் பார்த்தாள். மறுபடியும் நக்கினாள். சர்க்கரையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது நிற்காமல் ஏறுமா?"

"நின்றால் என்னைக் கூப்பிடு."

கஞ்சி டப்பாவை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் பாட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள். சொட்டு மெதுவானபோதெல்லாம் கூப்பிட்டாள். மெதுவாகாதபோதும் கூப்பிட்டாள். காலையில் க்ளெமான் பாட்டிலைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலோடு உள்ளே போனார்.

தெய்வானை மத்தியானத்துக்குள் விழித்துவிட்டாள். கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு புதுக் கஞ்சியோடு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். மகளுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். முந்தின நாளிலிருந்து காமாட்சியும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவள் விழுங்கிய வேகத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

தெய்வானை இப்போது வக்குவா டவுனில் குமாஸ்தா. மேசை இழுப்பறையில் டப்பா இருக்கிறது.